கடவில் நாயா, படலா?

காங்கயம் பக்கம் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலத்தில் மாடுகளை விட்டால் ஆள் காவல் வேண்டியதில்லை. சுற்றிலும் கிளுவை வேலி. வேலி வாசலான கடவில் படல் என்ற தட்டிக்கதவைச் சாத்தினால் சரி. படலுக்குப் பதில் ஒரு நாயை நிறுத்தினால்? முயலைக் கண்டு அது ஓடிய நேரம், பக்கத்துச் சோளக்காடு காலி.

லினக்ஸ் கணினிகளில் நெடுங்காலம் லாக் ஸ்கிரீன் அந்த நாய்தான். எக்ஸ்11 என்ற பழைய காட்சி அமைப்புக்குப் பூட்டு என்றால் என்னவென்றே தெரியாது. பூட்டு நிரலும் மற்றவை போல ஒரு ஜன்னலைத் திறந்து, திரை முழுக்க விரித்து, கீபோர்டையும் மவுசையும் பிடித்துக்கொள்ளும். அது செத்தால் அடியிலிருக்கும் டெஸ்க்டாப் அப்படியே வெளியே தெரியும். 2021 ஜனவரியில் லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையில் இந்த ஓட்டையைக் கண்டுபிடித்தது பொடுசுகள். நிஜ கீபோர்டையும் திரையில் வரும் கீபோர்டையும் கண்டபடி தட்டியதில் பூட்டு கவிழ்ந்தது. இதைவிட நல்ல சோதனையாளர் கிடைக்கமாட்டார்.

கேடிஇ பிளாஸ்மா என்ற லினக்ஸ் டெஸ்க்டாப்பில் பூட்டுத் திரையை வரையும் நிரலுக்கு கிரீட்டர் என்று பெயர். கட்டளை தட்டும் டெர்மினலில் 'டெஸ்டிங்' என்ற குறிப்போடு அதை ஓட்டினால், கணினி பூட்டாமல் அந்தத் திரை மட்டும் வரும். கடிகாரம் சரியா, பாஸ்வேர்டு பெட்டி தெரிகிறதா என்று பார்க்கலாம். தீம் செய்கிறவர்களுக்கு இது போதும். எனக்கு இது நாய்க்கு முடி சீவிப் பார்ப்பது மாதிரி.

திருப்பூரில் நான் பார்த்துக்கொள்ளும் பனியன் கம்பெனியில் நிஜமாகவே பூட்டிவிட்டு, பக்கத்துக் கணினியிலிருந்து எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியாக நுழைந்து, ஓடிக்கொண்டிருக்கும் கிரீட்டரைக் கொல்வேன். உடனே புதியது எழ வேண்டும். திரும்பத் திரும்பக் கொன்றால், பூட்டு பழுதாகிவிட்டது, வேறு டெர்மினலில் நுழைந்து திறக்கவும் என்ற அறிவிப்பு மட்டும் கறுப்புத் திரையில் நிற்கும். "ஏனுங்க, சிஸ்டம் செத்துப்போச்சுங்களா?" என்றார் கணக்கர். எனக்கோ நிம்மதி. உடைந்தும் திறக்கவில்லையே.

எக்ஸ்11 என்றால் இன்னொன்றும் உண்டு. ரைட் கிளிக் மெனுவைத் திறந்து வைத்துவிட்டுப் பூட்டிப் பாருங்கள். கீபோர்டும் மவுசும் ஏற்கெனவே மெனுவின் பிடியில் இருப்பதால், பூட்டாமலே போகலாம். டீக்குக் கிளம்புகிறவர் மெனுவை மூடிவிட்டா போகிறார்?

எக்ஸ்11-க்குப் பதிலாக வந்த வேலண்ட் என்ற புதிய காட்சி அமைப்பில் நிலைமை தேவலை. எல்லா ஜன்னல்களையும் சேர்த்து வரையும் கம்போசிட்டரே பூட்டு விழுந்ததை நினைவில் வைத்திருக்கும். பூட்டு ஜன்னல் செத்தாலும் அடியில் இருப்பதைக் காட்டாது. படல் வந்துவிட்டது.

அப்புறமும் பூட்டியபின் புரொஜெக்டரைச் சொருகிப் பார்க்கிறேன். லேப்டாப்பை மூடித் திறந்து, பூட்டுக்கு முன்னால் பழைய திரை மின்னுகிறதா என்றும் பார்க்கிறேன். போன வாரம் ஒன்றில் மின்னியது. சம்பளப் பட்டியல், ஒரு நொடிதான். மேல் வரிசையில் இருந்த தொகையை என்னால் படிக்க முடிந்தது.