நானோ மருந்து போய்ச் சேர்ந்ததா? படம் பார்த்துச் சொல்வோம்

பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பகுதிகளிலிருந்து அணுமருத்துவப் பரிசோதனைக்காக (சிறிதளவு கதிரியக்கப் பொருளை உடலில் செலுத்திப் படமெடுப்பது) மதுரைக்கு வருபவர்களில் சிலர், கைபேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டி, நானோ மருந்து, அதாவது மிக நுண்ணிய துகள்களில் ஏற்றிய மருந்து, புற்றுக்கட்டிக்கு மட்டும் நேராகப் போய்ச் சேருமாமே என்று கேட்கிறார்கள். சேர்ந்ததற்கான ஸ்கேன் படத்தைக் காட்டினார்களா என்று கேளுங்கள் என்பதே என் பதில்.

நுண்துகளின் பயணத்தைப் படமெடுப்பது எங்களுக்கு அன்றாட வேலை. மார்பகப் புற்றுநோயில், பெரும்பாலும் 100 நானோமீட்டருக்கும் சிறிய துகள்களில் டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளைச் சேர்த்து, மார்புக் காம்பைச் சுற்றிலும் ஊசி போடுகிறோம். அதன் கதிர்களைப் படமாக்கும் காமா கேமராவில் முதலில் ஊசி போட்ட இடம் ஒளிரும். சற்று நேரத்தில் அக்குளில் சிறு புள்ளி ஒன்று தெளியும். அதுவே மார்பகத்திலிருந்து நிணநீர் முதலில் சென்றடையும் கணு; புற்று பரவினால் பெரும்பாலும் முதலில் அங்கேதான் போகும். அறுவை மருத்துவர் அதை எடுத்துச் சோதிக்கிறார். அதில் புற்று இல்லையென்றால் மற்ற கணுக்களை அகற்ற வேண்டியதில்லை, கை வீங்கும் அபாயமும் வெகுவாகக் குறைகிறது. தீவுகளை ஒட்டி மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்ணுக்கு அந்தக் கைதான் பிழைப்பு. டெக்னீசியத்தின் வீரியம் 6 மணி நேரத்திற்கு ஒருமுறை பாதியாகிவிடும் என்பதால் கதிரியக்கத்தை எண்ணி அஞ்ச வேண்டாம்.

இரத்த நாளத்தில் செலுத்தும் துகள்களின் கதை வேறு. அவற்றில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. பெரும்பாலும் எலிகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஒரு கட்டுரை, செலுத்திய அளவில் கட்டியை அடைந்தது இடைநிலை மதிப்பாக (பாதி முடிவுகள் இதற்குக் கீழே, பாதி மேலே) 0.7 சதவீதமே என்றது. இதனால் இம்மருந்துகள் வீண் என்று சொல்லிவிட முடியாது. 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, கொழுப்பு உறைக்குள் அடைத்த டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து, உறையில்லாத அதே மருந்தால் இதயத்திற்கு நேரும் கேட்டைக் குறைக்கிறது.

படத்தையும் கேள்வி கேட்டே வாசிக்க வேண்டும். கதிரியக்கத்தைப் படமாக்கும் பெட் ஸ்கேனுக்காகத் துகளில் சிர்கோனியம்-89 என்ற கதிரியக்கப் பொருளை இணைத்தால், கேமரா காண்பது சிர்கோனியத்தைத்தானே தவிர மருந்தை அன்று. இணைப்பு அறுந்தால் சிர்கோனியம் எலும்பில் போய்ப் படியும். ஆகவே எலும்புகள் ஒளிர்ந்தால் அறிக்கை எழுதுமுன் நான் இணைப்பைச் சந்தேகிப்பேன்.

சிறுநீரக நோயாளிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்கு இரத்தசோகைக்காகப் போடப்படும் பெரூமாக்சிடால் என்ற இரும்பு ஊசியும் இரும்பு ஆக்சைடு நுண்துகளே. அது 3 மாதம் வரை எம்.ஆர்.ஐ. படத்தை மாற்றிக் காட்டக்கூடும். போட்ட இரும்பு ஊசியின் பெயரையும் தேதியையும், ஸ்கேன் அறைக்குள் செல்லுமுன் அங்குள்ளவர்களிடம் சொல்லிவிடுங்கள்.