கறியில் உள்ள கிரியாட்டின் பிள்ளைகளை உயரமாக்குமா?

கறி தின்றால்தான் பிள்ளை வளரும் என்பது, ஞாயிற்றுக்கிழமை காலையில் மதுரைக் கறிக்கடைகளில் காத்து நிற்கும் பெற்றோர் பலரின் நம்பிக்கை. அதில் உண்மை எவ்வளவு என்று அறிய, 1832இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் இறைச்சியிலிருந்து பிரித்தெடுத்த கிரியாட்டினைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

கபடி பாடிச் சென்ற சிறுவன் பிடியை உதறிக்கொண்டு நடுக்கோட்டுக்குப் பாயும்போது, தசையின் எரிபொருளான ஏடிபி மிக வேகமாகச் செலவாகிறது. அதன் கையிருப்பு இரண்டு மூன்று விநாடிகளுக்குத்தான் காணும். அந்நேரத்தில், தசைக்குள் பாஸ்பேட்டைத் தாங்கி நிற்கும் கிரியாட்டின் அதைக் கொடுத்து, செலவான ஏடிபியை உடனுக்குடன் புதுப்பிக்கிறது. உடலிலுள்ள கிரியாட்டினில் ஏறத்தாழ 95 சதவீதம் எலும்புத் தசைகளிலும், எஞ்சியது மூளை, இதயம் போன்ற உறுப்புகளிலும் இருக்கிறது.

இதில் ஒரு சிறு பங்கு நாள்தோறும் ‘கிரியாட்டினின்’ என்ற கழிவுப்பொருளாக மாறிச் சிறுநீரில் வெளியேறுகிறது. வளர்ந்தவர்கள் அந்த இழப்பை ஈடுகட்டினால் போதும். வளரும் பிள்ளையின் உடலோ, அத்துடன் புதிதாக உருவாகும் தசையையும் நிரப்பியாக வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உணவு: பச்சைக் கறியிலும் மீனிலும் கிலோவுக்குச் சில கிராம் கிரியாட்டின் இருக்கிறது, வேகவைக்கும்போது ஒரு பகுதி குழம்பிலும் சூப்பிலும் இறங்கிவிடுவதால், சாற்றைக் கொட்டாமல் கொடுப்பது நல்லது. மற்றது, உடலின் சொந்தத் தயாரிப்பு: அர்ஜினைன், கிளைசின், மெத்தியோனைன் என்ற அமினோ அமிலங்களைக் கொண்டு சிறுநீரகமும் கல்லீரலும் அதை உருவாக்குகின்றன.

அமெரிக்க உணவு ஆய்வுத் தரவுகளில், கிரியாட்டினை அதிகம் உண்ட பிள்ளைகள் சற்று உயரமாக இருந்தது உண்மையே. ஆனால் கறியோடு புரதம், துத்தநாகம், இரும்பு, பி12 எல்லாமே சேர்ந்து வருகின்றன. குடும்ப வசதியும் உயரத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே கிரியாட்டின்தான் உயர்த்தியது என்று அதைக்கொண்டு சொல்ல முடியாது. கறி உண்ணாத வீட்டுப் பிள்ளைகளின் தசையில் கிரியாட்டின் இருப்பு சற்றுக் குறைவாக இருக்கலாம். சோற்றோடு பருப்பு, பயறு, எள், பால் ஆகியவற்றைப் போதிய அளவு கொடுத்தால், தயாரிப்புக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் கிடைத்துவிடும்.

உடலே கிரியாட்டினைத் தயாரிக்க முடியாத அரிய மரபணுக் குறைபாட்டில் மனவளர்ச்சியும் பேச்சும் பின்தங்குகின்றன. அதற்கு மருத்துவர்கள் கிரியாட்டினையே மருந்தாகத் தருகிறார்கள். அதற்காக, நலமாக இருக்கும் பள்ளிப் பிள்ளைக்கு உயரம் கூடுமென்று கிரியாட்டின் உள்ள ஜிம் பொடியை வாங்கிக் கொடுப்பது தேவையற்றது. ஏற்கெனவே அந்தப் பொடியைச் சாப்பிட்டு வரும் பையனுக்கு இரத்தப் பரிசோதனை செய்தால், சிறுநீரகம் நன்றாக இருந்தும் ‘கிரியாட்டினின்’ என்ற அந்தக் கழிவுப்பொருளின் அளவு கூடுதலாகத் தெரியக்கூடும் என்பதால், பொடியைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.