தோரணையா, இருக்கையா?

யோகா வகுப்புத் துண்டறிக்கைகளில் 'பிணைக்கப்பட்ட கோணத் தோரணை' என்று ஒன்று அடிக்கடி கண்ணில் படுகிறது. படித்தால் கைது செய்யப்பட்ட முக்கோணம்தான் மனத்தில் வருகிறது. அவர்கள் சொல்ல வருவது பத்த கோணாசனம். உட்கார்ந்து, உள்ளங்கால்கள் இரண்டையும் ஒட்டவைத்து, குதிகால்களை உடலருகே இழுத்து, பாதங்களைக் கையால் பற்றிக்கொண்டு முழங்கால்களைப் பக்கவாட்டில் தளரவிடுவது. தொடையின் உட்புறத் தசைகள் நீண்டு இடுப்பு இளகும். நாளெல்லாம் அலுவலக நாற்காலியில் கிடப்பவர்களுக்கு இதமான பயிற்சி.

'பத்த' என்றால் கட்டிய. 'பந்தம்' பிறந்த அதே வடமொழி வேர். கோணம் தெரிந்ததே. 'ஆசனம்' உட்காருதலைக் குறிக்கும் 'ஆஸ்' என்ற வேரிலிருந்து வந்தது.

என் சண்டை தோரணையோடுதான். அதிகாரத் தோரணை, பேசும் தோரணை என்கிறோம். அது ஒருவர் தம்மைக் காட்டிக்கொள்ளும் விதம். கண்ணை மூடி, மூச்சைக் கவனித்து, யாருக்கும் எதையும் காட்டாமல் அமர்ந்திருப்பவரிடம் என்ன தோரணை? இங்கே சிங்கப்பூரில் அறிவிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுத்தான் தமிழுக்கு வருகின்றன. ஆசனம் அங்கே போய் 'போஸ்' ஆகிறது. படமெடுக்க நிற்பதற்கும் அதே சொல்தான். மொழிபெயர்ப்பாளர் அந்த போஸைப் பிடித்துக்கொண்டு தோரணையில் வந்து இறங்குகிறார். நம் பாட்டிமார் வாயில் புழங்கிய ஆசனம் அவர் நினைவுக்கே வருவதில்லை. சிம்மாசனத்தை அரியணை என்றவர்கள் நாம். 'சிங்கத் தோரணை' என்று எந்த அரசனும் அமர்ந்ததில்லை.

திருமூலர் 'ஆதனம்' என்றே எழுதினார். சிங்காதனத்தில் இருப்பதும் அதுதான். ஆனால் இலங்கைத் தமிழருக்கு ஆதனம் என்றால் வீடு, நிலம். 'ஆதன வரி' என்பது அங்கே அன்றாடச் சொல். ஆகவே அதை மீட்க நான் வற்புறுத்தமாட்டேன்.

'இருக்கை' போதும். ஆஸ் எதைச் சொல்கிறதோ அதையே 'இரு' சொல்கிறது. எம்ஆர்டி ரயிலில் முன்னுரிமை இருக்கை என்று படித்துப் பழகியவர்களுக்குக் குழப்பம் வருமே என்று ஒரு நண்பர் கேட்டார். தாமரை இருக்கை என்றால் யாரும் ரயிலைத் தேடமாட்டார்கள். பத்த கோணாசனத்தைக் கட்டுக்கோண இருக்கை எனலாம். பிள்ளைகளுக்கு வண்ணத்துப்பூச்சி என்றே சொல்லுங்கள், முழங்கால் இறக்கைபோல் அசைவது அவர்களுக்கு உடனே புரியும். நின்றபடி செய்பவற்றுக்கு இருக்கை ஒட்டாது. அவற்றை 'நிலை' என்று சொல்லிக்கொள்ளலாம்.