அழித்த வீடியோ ஏன் திரும்பி வருகிறது?

கொக்குவிலில் உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "2019இல் நியூசிலாந்துப் பள்ளிவாசல்களில் சுட்டவன் நேரலையாகக் காட்டிய வீடியோவை ஒருமுறை அழித்தால் போதாதா?"

51 உயிர்களைப் பறித்த அந்தத் தாக்குதலை நேரலையில் பார்த்தவர்கள் 200 பேருக்கும் குறைவு. ஆனால் முதல் 24 மணி நேரத்தில் பேஸ்புக் அகற்றிய பிரதிகள் 15 இலட்சம். பிறரைப் பார்க்க வைப்பதும் அவன் திட்டத்தின் ஒரு பகுதிதான். அவனைப் போற்றியவர்கள் ஓரத்தை வெட்டியும் திரையைப் படம்பிடித்தும் மறுபடி மறுபடி ஏற்றினார்கள். 800க்கும் மேற்பட்ட வடிவங்கள்!

இவற்றைக் கணினி எப்படி அடையாளம் காண்கிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. வீடியோவும் படங்களின் வரிசைதானே, ஒரு படத்தில் தொடங்குவோம். மாலை வானத்துக்கு முன்னால் கறுத்துத் தெரியும் நல்லூர்க் கோபுரத்தைப் படம் எடுத்திருக்கிறீர்கள். நிறத்தை நீக்கி, எட்டுக்கு எட்டாக 64 கட்டங்களுக்குச் சுருக்குங்கள். சிற்பமெல்லாம் மறைந்து வெறும் ஒளியும் நிழலும் மிஞ்சும். சராசரி வெளிச்சத்தைவிடக் கூடிய கட்டத்துக்கு 1, குறைந்ததற்கு 0. வானம் 1, கோபுரம் 0. இந்த 64 இலக்கங்கள்தான் படத்தின் கைரேகை. பத்துப் பேர் கைமாறிப் படம் மங்கினாலும், மூலையில் 'காலை வணக்கம்' எழுதினாலும் இரண்டு மூன்று இலக்கங்களே மாறும். வேறு படமென்றால் சாதாரணமாக இருபது, முப்பது மாறும். எண்ணிப் பார்த்தால் போதும்!

கைரேகையிலிருந்து மூலப் படத்தை அப்படியே திரும்ப உருவாக்க முடியாது. ஆகவே வீடியோவைக் கைமாற்றாமலே எச்சரிக்கையைக் கைமாற்றலாம். பேஸ்புக், மைக்ரோசாப்ட், டுவிட்டர், யூடியூப் ஆகியவை 2017இல் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பு கைரேகைகளின் பொதுப் பட்டியல் ஒன்றை வைத்து அதைத்தான் செய்கிறது. பேஸ்புக் 2019இல் இலவசமாக வெளியிட்ட முறையில் 256 இலக்கங்கள்.

ஆனால் படத்தை இடவலமாகத் திருப்பினால் நம் எளிய கைரேகை தோற்றுவிடும். தம்பி கேட்டதற்குப் பாதி விடை அதுதான். மீதி, புதிய வீடியோவுக்குப் பட்டியலில் கைரேகையே இருக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. கொலையைப் புகழ்ந்து ஏற்றியதா, சாட்சியமாக ஏற்றியதா என்று கைரேகைக்குத் தெரியாது. போரைக் கண்ட நமக்கு இது சின்ன விஷயமல்ல. அதைப் பிரித்தறியத் தமிழும் சிங்களமும் தெரிந்த மனிதர் வேண்டும், இம்மொழிகளைப் புரிந்துகொள்ளும் மென்பொருள் வேண்டும். உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு நாடு முழுவதும் சமூக ஊடகங்களை முடக்கினார்கள். அந்த அவசரத்தில் பாதியையாவது நம் பல்கலைக்கழகங்களின் மொழி ஆய்வுக்கு நிதி ஒதுக்குவதில் காட்டலாம் என்பது என் கருத்து.

சரி தம்பி, பைத்தன் என்ற நிரல்மொழி தெரியுமென்றால் இருபது வரி போதும். நல்லூர்ப் படத்தையே வைத்து முயன்று பாருங்கள். எத்தனை இலக்கம் மாறியது என்று எழுதுங்கள்.