ஊட்டி ரயில் ஏறுறது நிஜத்துல எத்தனை டிகிரி?

மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டி போற மலை ரயில், கல்லாறு தாண்டினதும் தண்டவாளத்துக்கு நடுவுல இருக்கற பல்லு வச்ச இரும்புப் பட்டையைக் கவ்விக் கவ்வித்தான் ஏறும். அந்த ஏத்தம் எத்தனை டிகிரி இருக்கும்னு கூட வர்றவங்கள கேட்டுப் பாருங்க, முப்பதுன்னு அசால்ட்டா சொல்லுவாங்க. ஆனா அங்க இருக்கறதுலயே செங்குத்தான இடம்கூட 12 அடிக்கு 1 அடி தான் உசருது, கணக்குப் போட்டா 5 டிகிரி முழுசா வராது!

இது நம்மூர் ஆளுங்க அடிச்சு விடுறதுன்னு நினைக்காதீங்க, மனுஷக் கண்ணுக்கே இந்த ஓவர் எஸ்டிமேட் பழக்கம் இருக்கு. அமெரிக்காவுல வர்ஜீனியா யுனிவர்சிட்டியில டென்னிஸ் ப்ராஃபிட்னு ஒரு சைக்காலஜி ப்ரொஃபசர், 1995ல அவரும் அவர் டீமும் ஆளுங்கள மேட்டுக்கு அடியில நிக்க வச்சு கேட்டாங்க. 5 டிகிரி மேட்டை சுமார் 20ன்னும், 10 டிகிரியை சுமார் 30ன்னும் சொல்லியிருக்காங்க. ஆனா அதே ஆளுங்கள ஒரு பலகை மேல உள்ளங்கைய வச்சு, அதைப் பாக்காமயே மேட்டு அளவுக்கு சாய்ச்சுக் காட்டச் சொன்னா ஓரளவு சரியா காட்டிட்டாங்க.

ஏன் இப்படின்னா, 30 டிகிரிக்கு மேல போனா சாதாரணமா நடந்து ஏறவே முடியாது, அதனால நமக்கு வேலை இருக்கறதெல்லாம் சின்னக் கோணத்துலதான். 4க்கும் 6க்கும் உள்ள வித்தியாசம் சைக்கிள் மிதிக்கறவனுக்கு உயிர் போற விஷயம், 64க்கும் 66க்கும் இருந்தா யாருக்கு என்ன. அதான் மூளை கீழ்ப்பக்க அளவை இழுத்து விரிச்சுக் காட்டுது, சமதரை சமதரையாவும் சுவர் சுவராவும்தான் தெரியும், நடுவுல மட்டும்தான் இந்த ஏமாத்து வேலை. எனக்கு இந்த விளக்கம் ரொம்பப் பிடிக்கும்.

இதே டீம்ல இருந்து 1999ல இன்னொண்ணு வந்துச்சு, முதுகுல கனமான பையை மாட்டிட்டுப் பாத்தா மேடு இன்னும் செங்குத்தாத் தெரியுதாம். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அதுல ஒரு ஓட்டை. பையை மாட்டி விட்டுட்டு மேட்டைப் பாருன்னா, இவங்க எதை எதிர்பாக்கறாங்கன்னு காலேஜ் பசங்களுக்குத் தெரியாதா என்ன? ஃபிராங்க் டர்ஜின்னு இன்னொரு அமெரிக்க சைக்காலஜி ப்ரொஃபசரோட டீம் 2009ல அதைத்தான் சோதிச்சாங்க, பையில கால் தசையை அளக்கற மெஷின் இருக்குன்னு ஒரு சாக்கு சொன்னாங்க, அவ்ளோதான், பை மாட்டினதால வந்த வித்தியாசம் காணாமப் போச்சு. மேட்டைக் கூட்டிச் சொல்றது மட்டும் அப்பவும் போகல.

அடுத்த தடவை மலை ரோட்டுல வண்டிய ஓரங்கட்டினா, முதல்ல ஒரு நம்பர் சொல்லிட்டு அப்புறம் போனுல சாய்வை அளக்கற லெவல் ஆப்பைத் திறந்து ரோட்டு மேல வச்சுப் பாருங்க.