லோணார்: கல்லே சாட்சி சொன்ன பள்ளம்

அஜந்தா, எல்லோரா பார்க்கப் போகிறவர்கள் இன்னும் ஒரு நாள் ஒதுக்கி லோணாருக்கும் போய்வர வேண்டும். மகாராஷ்டிரத்தின் புல்டாணா மாவட்டத்தில், சமதரையில் திடீரென்று ஒரு வட்டப் பள்ளம். குறுக்களவு சுமார் 1.8 கிலோமீட்டர். அடியில் ஏரி, சரிவெங்கும் காடு, நடுநடுவே பழங்கோயில்கள்.

இது விண்கல் விழுந்து உண்டான பள்ளம் என்பது அத்தனை எளிதில் தெளிவாகிவிடவில்லை. எரிமலையின் வாய் என்றே நெடுங்காலம் பலர் நம்பினார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. தக்காணப் பீடபூமியின் பெரும்பகுதி, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்தோடி இறுகிய எரிமலைக் குழம்பு. பசால்ட் எனப்படும் அந்தக் கரும்பாறைக்கு நடுவில் ஒரு பள்ளம் கிடந்தால் வேறென்ன நினைப்பார்கள்?

விடை பாறைக்குள்ளேயே இருந்தது. நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் வரும் விண்கல் தரையைத் தொட்டதும் அதிர்ச்சி அலை ஒன்று பாறைக்குள் பாய்கிறது. காற்றழுத்தத்தைப் போல லட்சக்கணக்கான மடங்கு அழுத்தம், கண்ணிமைக்கும் நேரத்துக்குள். நசுங்கிய பாறை மறுகணமே விரிந்து எல்லாத் திசையிலும் வெடித்துச் சிதறுகிறது. விண்கல் சற்றுச் சாய்வாக வந்து விழுந்தாலும் பள்ளம் வட்டமாகவே அமைவது இதனால்தான். அந்த அழுத்தத்தில் பசால்ட்டிலுள்ள பெல்ட்ஸ்பார் என்ற கனிமப் படிகங்களின் அணு ஒழுங்கு குலைந்து, அவை உருகாமலேயே கண்ணாடியாகிவிடுகின்றன. மாஸ்கெலினைட் என்பது அதன் பெயர். எந்த எரிமலையாலும் இத்தனை அழுத்தத்தைத் தர முடியாது. லோணாரின் அடியில் துளையிட்டு எடுத்த பாறைகளில் இந்தக் கண்ணாடி இருப்பதை இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் 1973இல் வெளியிட்டார்கள். வழக்கு அத்தோடு முடிந்தது.

நிலவிலும் செவ்வாயிலும் பசால்ட் தரையில் ஏராளமான பள்ளங்கள் இருக்கின்றன. அவற்றோடு ஒப்பிட, நேரில் நடந்துபோய்ப் பார்க்கக்கூடியதாகப் பூமியில் இவ்வளவு நன்றாக எஞ்சியிருப்பது மிக அரிது. வயது பற்றிச் சர்ச்சை உண்டு. முன்பு சுமார் 52,000 ஆண்டுகள் என்றார்கள். பாறையில் சேர்ந்திருக்கும் ஆர்கான் வாயுவை வைத்துச் செய்து 2011இல் வெளியான கணிப்பு 5.7 லட்சம் என்றது. உருகிய பாறையையே அளந்து சொன்ன இந்த இரண்டாவது கணக்குதான் எனக்கு நம்பகமாகப் படுகிறது.

ஏரி நீரின் கதை தனி. ஊற்றும் மழையும் நீரைக் கொண்டுவருகின்றன. வெளியேற வழியில்லை, ஆவியாக வேண்டியதுதான். பசால்ட்டிலிருந்து கரைந்து வரும் சோடிய உப்புகள் தங்கிச் சேர்ந்துகொண்டே போவதால் நீர் உவர்ப்பாகவும் கடுமையான காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) கொண்டதாகவும் இருக்கிறது. 2020 ஜூனில் ஏரி இளஞ்சிவப்பானபோது நாடே வியந்தது. நீர் வற்றி உப்பு செறிந்ததும், உப்பை விரும்பும் ஆர்க்கியா நுண்ணுயிர்கள் பெருகித் தம் நிறமியால் நீரைச் சிவக்கவைத்தன என்பது ஆய்வில் தெரியவந்தது. அதே ஆண்டு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் ஏரி இடம்பெற்றது.

போகிறவர்கள் விளிம்பை ஒட்டி நடந்து பாருங்கள். சமமாகப் படிந்திருந்த பாறை அடுக்குகளை மோதல் நிமிர்த்திவிட்டதால், அவை வெளிப்பக்கமாகச் சரிந்து நிற்கும். கல் எதையும் எடுத்து வராதீர்கள். இன்னும் படிக்கப்படாத சான்றுகள் அவற்றில் இருக்கின்றன.