நீட்டினால் பெயர்: கோட்பாடு பிறந்த கதை

வெள்ளவத்தையில் உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, எங்கட பௌதிகவியல் புத்தகத்தில சார்புக் கொள்கை எண்டு இருக்கு. இந்தியப் புத்தகத்தில சார்பியல் கோட்பாடு. ரெண்டும் ஒண்டா, வேறயா?"

1905இல் ஐன்ஸ்டைன் தொடங்கி வைத்த அதே சங்கதிதான். கொள்கை, கோட்பாடு என்ற சொற்களும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளே. தாய், 'கொள்' என்னும் வினை: எடு, பெறு, பிடி. கொழும்புத் துறைமுகத்தில் அடுக்கிக் கிடக்கும் கொள்கலன், அரச கோப்புகளில் வரும் கொள்வனவு, மத்திய வங்கியின் நாணயக் கொள்கை, செய்தியில் வரும் கொள்ளை எல்லாம் அவள் பெற்றவைதான்.

கொள்கையில் உள்ள 'கை' நம்முடைய கை அல்ல. கையில் இறுகப் பற்றுவதே கொள்கை என்று மேடையில் முழங்கினால் கைதட்டல் கிடைக்கும், இலக்கணம் கிடைக்காது. செய்கை, வருகை போல அது வினையின் கடைசியில் ஒட்டிப் பெயராக்கும் வெறும் விகுதி.

கோட்பாடுதான் எனக்குப் பிடித்த விளையாட்டு. கோள் + பாடு. இதில் விகுதியே இல்லை! 'படு' என்ற வினையின் முதல் உயிரை நீட்டினால் 'பாடு'. 'கொள்' நீண்டு 'கோள்'. தேத்தண்ணிக் கடையில் கோப்பையைத் தொட்டால் சுடும். கையில் ஏறுவது சூடு. கெடு கேடாகும், பெறு பேறாகும். முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்திருப்பீர்கள். குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2. மாத்திரை என்பது கண்ணிமைக்கும் நேரம். இன்னும் ஓர் இமைப்பு வாயை அதே நிலையில் பிடித்திருந்தால் வினை பெயராகிவிடுகிறது. கோட்பாட்டில் இந்த வித்தை இரண்டு முறை நடக்கிறது. நல்ல ஒலிவாங்கியும் அமைதியான அறையும் இருந்தால் அந்த இமைப்பை மில்லிசெக்கனில் அளக்கலாம். ஆனால் மொழியியலுக்குக் காசு கேட்டால் மட்டும் எல்லோருக்கும் முகம் சுருங்கிவிடும்.

சரி, 'கோள்பாடு' என்றல்லவா வரவேண்டும்? 'ள்' என்று சொல்லி நிறுத்துங்கள். நாக்கு நுனி மடிந்து அண்ணத்தில் ஒட்டியிருக்கும். காற்று நாக்கின் இரு பக்கத்தாலும் கசியும். அடுத்து வரும் 'ப்' காற்றை முழுதாக அடைத்துப் பிறப்பது. அந்த அடைப்புக்கு நாக்கு முந்திக்கொண்டு பக்கங்களையும் மூடினால் 'ட்' கேட்கும். ஆள், பலத்தோடு சேர்ந்து ஆட்பலம் ஆவதும் இப்படித்தான்.

வானத்துக் கோளும் இதே கோள்தான். கிரகம் என்ற வடசொல்லுக்கும் பற்றுவது என்றே பொருள். ஆளைப் பிடித்து ஆட்டும் என்ற பழைய பயம் சொல்லிலேயே ஒட்டியிருக்கிறது. இத்தனைக்கும் ராகு ஒரு கோளே அல்ல. சந்திரனின் பாதையும் சூரியனின் தோற்றப் பாதையும் வெட்டிக்கொள்ளும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குப் பயந்து கடை திறக்காதவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன்.

அரச அறிவித்தல்களில் தமிழில் கொள்கை என்று வரும் இடத்தில் சிங்களத்தில் 'பிரதிபத்தி' இருக்கும். பாளியில் அது படிபத்தி. அடியெடுத்து வைத்தல் என்ற வேரில் பிறந்தது. நாம் பிடிக்கிறோம், அவர்கள் நடக்கிறார்கள். நடப்பதற்கு நம்மிடமும் நெறி இருக்கிறது, அதற்கும் வழி என்றே பொருள்.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்ட தம்பி, "அப்ப சோதனையில எதை எழுதுறது?" என்றார். உங்கள் புத்தகத்தில் இருப்பதையே எழுதுங்கள், தம்பி. கொள்கை.